சிறு மோட்டார் படகில் முதல் குளிர்கால இரவு: நார்ஃபோக் பிராட்ஸில் தங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் கிழக்கில், நாரிச் நகரத்துக்கும் கிரேட் யார்மத் துறைமுகத்துக்கும் இடையிலும் அதற்கு வடக்கிலும் தெற்கிலுமாக, ஆறுகளும் ஆழமில்லாத ஏரிகளும் பின்னிக் கிடக்கும் நீர்வெளிக்கு நார்ஃபோக் பிராட்ஸ் என்று பெயர். இடைக்கால மக்கள் அடுப்பெரிக்கப் பீட் எனப்படும் கரிமண்ணை வெட்டியெடுத்த பள்ளங்களில் நீர் புகுந்து உண்டானவையே இந்த ஏரிகள் என்பதை 1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் தம் ஆய்வால் நிறுவினார். ஏறத்தாழ 200 கி.மீ. நீளமுள்ள இந்த நீர்வழிகளில் கோடை முழுவதும் வாடகைப் படகுகள் வரிசை கட்டிச் செல்லும். நவம்பர் பிறந்ததும் பெரும்பாலானவை துறைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு இந்த நீர்வழிகள் சொந்தப் படகு வைத்திருக்கும் சிலருக்கே உரியவையாகிவிடுகின்றன. நாணல் பொன்னிறமாக உலர்ந்து நிற்க, ஐஸ்லாந்திலிருந்தும் கிரீன்லாந்திலிருந்தும் வந்த இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் கூட்டங்கூட்டமாகக் கூவிச் செல்லும் அந்த விடியலைப் படகிலிருந்து பார்த்தவர்கள், குளிர்காலத்தில் படகை மூடிப் போட மனம் வராதவர்களாக ஆகிவிடுகிறார்கள்.

பிரிட்டனில் வாழும் தமிழர்களில் பழைய கேபின் படகு ஒன்றை வாங்கி வைத்திருப்போர் சிலர், குளிர்காலத்தில் அதில் ஓரிரவு தங்க முடியுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். முடியும். ஆனால் கோடை இரவுக்குப் பழகிய வழக்கங்களை அப்படியே கொண்டுபோனால் ஆபத்து. இங்கே சொல்வதெல்லாம் இருபது முதல் இருபத்தைந்து அடி நீளமுள்ள, ஃபைபர் கிளாஸ் உடலும் பின்தளத்தை மூடும் கேன்வாஸ் கூடாரமும் கொண்ட சிறு படகுக்கானவை. எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு விதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் இரவில், நீங்கள் தூங்கும் நேரத்தில், படகில் எதுவும் எரியக் கூடாது. மாலை நேரத்துக்கு ஹீட்டர், தூங்கும் நேரத்துக்குப் படுக்கை என்று பிரித்துக்கொண்டால், மீதமுள்ள ஏற்பாடுகள் யாவும் அதனதன் இடத்தில் சென்று அமரும்.

முதற்படி: இரவையும் துறையையும் தேர்ந்தெடுத்தல்

டிசம்பர் நடுவில் இப்பகுதியில் சூரியன் மாலை 3.40 அளவில் மறைந்து, மறுநாள் காலை 8 மணிக்குப் பிறகே எழுகிறது. அதாவது நீங்கள் திட்டமிட வேண்டியது எட்டு மணி நேர உறக்கத்துக்கு அல்ல, பதினாறு மணி நேர இருட்டுக்கு. பேட்டரி, உணவு, குடிநீர், உடை என எதைக் கணக்கிட்டாலும் இந்தப் பதினாறு மணி நேரத்தை மனத்தில் வைத்தே கணக்கிடுங்கள். ஆகவே முதல் முறைக்கு நவம்பர் தொடக்கமோ மார்ச் மாதமோ நல்லது. சனவரிதான் வேண்டும் என்றால், காற்று அடங்கிய, வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலே இருக்கும் என்று முன்னறிவிப்புக் கூறும் இரவைத் தேர்ந்தெடுங்கள்.

வடக்கிலிருந்து பலத்த காற்று வீசும் என்று அறிவிப்பு இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். வட கடலின் நீரை அக்காற்று தெற்கு நோக்கித் தள்ளும்போது யார்மத் வழியாக ஆறுகளுக்குள்ளும் நீர்மட்டம் ஏறுகிறது. 1953 சனவரி 31 இரவிலும் 2013 டிசம்பர் 5 அன்றும் இக்கரையைத் தாக்கிய கடற்பெருக்குகள் அவ்வகையின் கொடிய வடிவங்கள். அவ்வளவு பெரிதாக இல்லாத சாதாரண ஏற்றமே, பாட்டர் ஹைகமிலுள்ள பழைய கற்பாலத்தின் கீழ் உங்கள் படகு திரும்பி வர முடியாதபடி செய்யப் போதுமானது. எனவே முதல் முறை அந்தப் பாலத்துக்கு அப்பால் செல்ல வேண்டாம்.

புனித பெனட் மடத்தின் இடிபாடுகளை ஒட்டிய பியூர் ஆற்றுத் துறை கண்ணுக்கு மிக அழகானது. ஆனால் சுற்றிலும் மரமோ வீடோ இல்லாத வெட்டவெளி அது. காற்று நேரே படகின் மேல் மோதும். முதல் இரவுக்கு, சாலையிலிருந்து நடந்து சேரக்கூடிய, அருகில் வீடுகளில் விளக்கெரியும் ஊர்த்துறையே ஏற்றது. உங்கள் படகை வழக்கமாகக் கட்டிவைக்கும் சொந்தத் துறையிலேயே தங்கினாலும் அது குறையல்ல, அங்கே தங்க அனுமதி உண்டா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். காரை நூறு மீட்டருக்குள் நிறுத்த முடிந்தால், இரவில் எந்த நேரத்திலும் 'போதும், வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்லக்கூடிய சுதந்திரம் உங்களுக்கு இருக்கும். மின்கம்பமும் குடிநீர்க் குழாயும் உள்ள துறை என்று பழைய வரைபடத்தைப் பார்த்து நம்பிப் போகாதீர்கள். உறைந்து வெடிக்காமலிருக்கக் குளிர்காலத்தில் குடிநீர்க் குழாய்கள் பலவற்றை அடைத்துவிடுவார்கள்.

இரண்டாம் படி: மூச்சு விடும் காற்று

இந்த வழிகாட்டியில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்வதால், காற்றில் மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் உடலுக்குள் சேர்ந்துகொண்டே போகும். தலைவலி, குமட்டல், அயர்வு என்று அது காட்டும் அறிகுறிகளைக் குளிரில் அலைந்த களைப்பு என்றே யாரும் எண்ணுவார்கள். 2016 சூன் மாதம், இதே பிராட்ஸ் பகுதியிலுள்ள ராக்ஸமில், கட்டி நிறுத்தப்பட்டிருந்த ஒரு மோட்டார் படகில் பெட்ரோல் எஞ்சினின் புகை கேபினுக்குள் புகுந்து இருவர் இறந்தனர். 2019 டிசம்பரில் யார்க் நகரில், ஊஸ் ஆற்றில் நின்றிருந்த மற்றொரு படகில், கேபின் ஹீட்டரின் புகைபோக்கி அமைப்பிலிருந்து கசிந்த வாயுவால் மேலும் இருவர் உயிரிழந்தனர். இரண்டு படகுகளிலும் எச்சரிக்கைக் கருவி இல்லை.

எங்கள் முதல் இரவில் நானும் இந்தப் பிழையைச் செய்தேன். சனவரி மாதம், துணைக்கு என் மனைவியின் தம்பி வந்திருந்தான். படகில் ஹீட்டர் இல்லை. சமைத்து முடித்த பிறகும் எரிவாயு அடுப்பைச் சிறு தீயில் எரியவிட்டேன். கதவுக்குக் கீழிருந்த காற்றுத் துளைகள் வழியே பனிக்காற்று கணுக்காலைத் தொட்டதால், ஒரு பழைய துண்டைச் சுருட்டி அவற்றை அடைத்தேன். கேன்வாஸையும் இறுக இழுத்துப் பூட்டியாயிற்று. அரை மணி நேரத்தில் கேபின் வீட்டுக் கூடம் போலக் கதகதப்பாகிவிட்டது. இருவரும் மேல்கோட்டைக் கழற்றிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். சற்றுப் பொறுத்து அவன், "அத்தான், தலை பாரமா இருக்கு, லேசா குமட்டுது" என்றான். ஆற்றில் வந்த அலைச்சலாக இருக்கும், சீக்கிரம் படுத்துக்கொள் என்று சொல்லி அவனுக்குப் போர்வையை எடுத்துக் கொடுத்தேன். நான் போர்வையை விரித்துக்கொண்டிருந்தபோதுதான் சுவரில் இருந்த எச்சரிக்கைக் கருவி அலறியது. அடுப்பை அணைத்து, கதவைத் திறந்து, காலுறையோடு இருவரும் பனி படிந்த கரைப் பலகையில் போய் நின்றோம். குளிரில் உடல் நடுங்கியபோதும், அந்தக் கருவி இல்லாமலிருந்தால் அவன் அந்தப் போர்வைக்குள் உறங்கியிருப்பான் என்ற எண்ணமே எனக்குப் பெரிய நடுக்கமாக இருந்தது. முக்கால் மணி நேரம் எல்லாவற்றையும் திறந்துபோட்டு, கருவி அமைதியான பிறகு, எதையும் எரிக்காமல், இருந்த துணிகளையெல்லாம் உடுத்திக்கொண்டு படுத்தோம். குளிர் நான் அஞ்சிய அளவுக்கு இல்லை என்பதை அன்று விடியற்காலையில் உணர்ந்தேன்.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. பி.எஸ். ஈ.என். 50291-2 என்ற தர எண் அச்சிடப்பட்ட, படகுக்கென்றே சோதிக்கப்பட்ட எச்சரிக்கைக் கருவியை வாங்கி, படுக்கும்போது உங்கள் தலை இருக்கும் உயரத்தை ஒட்டியும், எரியும் சாதனத்திலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமலும் மூன்று மீட்டருக்கு மேற்படாமலும் பொருத்துங்கள். தங்குமிடம் கொண்ட படகுகளில் இக்கருவியை வைத்திருப்பது 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புச் சான்றிதழின் நிபந்தனைகளுள் ஒன்று. பின்பக்கத்தில் காலாவதித் தேதி இருக்கும். பழைய படகோடு வந்த கருவியில் அதைக் கட்டாயம் பாருங்கள். கிளம்பும் முன் சோதனைப் பொத்தானை அழுத்திக் கேளுங்கள். பத்து இலட்சத்தில் 300 பங்கு என்ற அளவில் வாயு இருந்தால் கருவி மூன்று நிமிடங்களுக்குள் ஒலிக்கும், 50 பங்கு என்ற அளவில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் கழித்தே ஒலிக்கும். எனவே கருவி மௌனமாக இருப்பதைக் காற்று தூய்மையாக இருப்பதன் சான்றாகக் கொள்ள வேண்டாம். தலை வலித்தால் முதலில் வெளியே வாருங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். குமட்டலோ மயக்கமோ இருந்தால் 999 என்ற அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

காற்றுத் துளைகளை ஒருபோதும் அடைக்காதீர்கள். அடுப்பை அறை சூடாக்கப் பயன்படுத்தாதீர்கள். முகாம்களில் பயன்படுத்தும் கையடக்க எரிவாயு ஹீட்டர், கரி அடுப்பு, முந்தைய நாள் சமையலில் இன்னும் கனன்றுகொண்டிருக்கும் பார்பெக்யூ தட்டு ஆகிய எதையும் கேபினுக்குள்ளோ கேன்வாஸ் கூடாரத்துக்குள்ளோ கொண்டுவராதீர்கள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்காகக் கட்டிய படகில் எஞ்சினை ஓட்டிக்கொண்டு கேன்வாஸை மூடி உள்ளே அமர்ந்திருப்பது மிகவும் கொடிய வழக்கம். பின்புறம் வெளியேறும் புகை கூடாரத்துக்குள் சுழன்று திரும்பிவிடும். பக்கத்துப் படகின் புகையும் அப்படியே உங்கள் கேபினுக்குள் வரக்கூடும்.

மூன்றாம் படி: மாலை நேரச் சூடு

துறையில் மின் இணைப்பு இருந்தால், 500 வாட் அளவிலான எண்ணெய் ரேடியேட்டர் ஒன்றே சிறு கேபினுக்குப் போதும். அதற்கான வெளிப்புறக் கம்பியை முழுவதும் பிரித்துப் போடுங்கள். சுருளாகவே வைத்து மின்சாரம் செலுத்தினால் அது சூடேறி உருகக்கூடும். வீட்டில் பயன்படுத்தும் நீட்டிப்புக் கம்பியைக் கரைக்குக் கொண்டுவர வேண்டாம்.

மின் இணைப்பு இல்லையென்றால், தகுந்தவரால் பொருத்தப்பட்ட டீசல் ஹீட்டர்தான் சரியான வழி. அது எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்து, புகையை வெளியிலேயே விட்டுவிடுவதால் கேபின் காற்றைத் தொடுவதில்லை. உள்ளே ஈரத்தையும் சேர்ப்பதில்லை. பயணத்துக்கு முந்தைய வாரம் பகலில் அதை ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். புகைக் குழாய் தொடக்கம் முதல் இறுதி வரை கழன்றோ கருத்தோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். யார்க்கில் நிகழ்ந்தது நிலையாகப் பொருத்தப்பட்ட ஹீட்டரால்தான் என்பதை நினைவில் கொண்டே, முதல் இரவில் அதையும் படுக்கும் முன் அணைத்துவிடச் சொல்கிறேன். உங்கள் படகின் பழக்கவழக்கம் தெரிந்த பிறகு இந்த முடிவை நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

சமையல் எரிவாயு குறித்து ஒரு சொல். பிரிட்டனில் பொதுவாக நீலச் சிலிண்டரில் வருவது பியூட்டேன், சிவப்புச் சிலிண்டரில் வருவது புரொப்பேன். பியூட்டேன் உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் ஆவியாக மறுப்பதால், காலையில் காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் தீ சோம்பலாக எழுந்து அடங்கிவிடும். புரொப்பேன் -42 டிகிரி வரை ஆவியாகும். உங்கள் இணைப்பும் ரெகுலேட்டரும் எதற்கானவை என்று அறிந்த பின்பே மாற்றுங்கள். இரண்டுமே காற்றைவிடக் கனமானவை. கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். ஆகவே சமையல் முடிந்ததும் சிலிண்டர் வால்வையே மூடுங்கள்.

நான்காம் படி: ஈரம்

குளிர்காலப் படகில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீர் ஆவியாக வெளிவருகிறது. இருவர் உறங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக ஓரிரவில் அரை லிட்டர் நீர் காற்றில் கலக்கிறது. அது குளிர்ந்த கண்ணாடியிலும் அலுமினியச் சட்டங்களிலும் கேபின் கூரையிலும் துளிர்த்து, விடியற்காலை மூன்று மணிக்குச் சரியாக உங்கள் நெற்றியில் சொட்டும். எந்தத் துளி எங்கிருந்து விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கூரையை ஊடுருவி நிற்கும் ஓர் உலோகத் திருகின் முனையாக இருக்கும். அதன் மேல் சிறு நுரைத் துண்டை ஒட்டினால் அந்தச் சொட்டு நின்றுவிடும்.

இதற்கு மருந்து கதவை மூடுவதல்ல, அளவாகத் திறந்து வைப்பது. தாழ்வான துளை வழியே புதிய காற்று நுழையவும், கூரை மூடியின் இடுக்கு வழியே ஈரக்காற்று வெளியேறவும் வழி இருக்க வேண்டும். காற்று வீசாத பக்கத்துச் சன்னலை ஒரு விரல் அகலம் திறந்துவைத்தால் நல்லது. சன்னல்களின் அளவுக்கு வெட்டிய வெள்ளிப் படல நுரைத் தகடுகளை உட்புறம் பொருத்தினால் கண்ணாடியில் வழியும் நீர் வெகுவாகக் குறையும். ஈரமான கோட்டு, காலணி, கயிறு ஆகியவற்றைக் கேபினுக்குள் விடாமல் கேன்வாஸின் கீழ் வையுங்கள்.

சமையலிலும் நம் வழக்கத்தைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சோறு வடிப்பதும் இட்லி அவிப்பதும் சிறு கேபினை நீராவிக் குளியலறையாக்கிவிடும். வீட்டிலேயே சமைத்த சாம்பார் சாதத்தையோ வெண்பொங்கலையோ அகன்ற வாய் கொண்ட தெர்மாஸில் சூடாக அடைத்து எடுத்து வாருங்கள். மற்றொரு ஃபிளாஸ்கில் மிளகு ரசம் இருக்கட்டும். படகில் செய்ய வேண்டியது தண்ணீர் கொதிக்க வைப்பது மட்டுமாக இருந்தால், மூடி போட்ட கெட்டிலில், சன்னலைத் திறந்து வைத்து, பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். குளிரில் உடல் அதிகம் கேட்கும். படுக்கும் முன் நெய் சேர்ந்த ஒரு கிண்ணம் பொங்கலுக்கு ஈடாக நான் எதையும் கண்டதில்லை.

ஐந்தாம் படி: பேட்டரிக் கணக்கு

சாதாரண ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். உறைநிலையை ஒட்டிய குளிரில் அதன் கொள்ளளவும் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். 110 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் பேட்டரியில் உண்மையில் நீங்கள் நம்பிப் பயன்படுத்தத் தக்கது ஏறத்தாழ 44 மட்டுமே. சிறு டீசல் ஹீட்டர் ஓடும்போது ஒன்று முதல் இரண்டு ஆம்பியர் வரை கேட்கும், ஆனால் பற்றவைக்கும் சில நிமிடங்களில் எட்டு முதல் பத்து ஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே அதை அடிக்கடி அணைத்து ஏற்றுவதைவிட ஐந்தாறு மணி நேரம் குறைந்த அளவில் தொடர்ந்து ஓட்டுவது சிக்கனம். எல்.இ.டி. விளக்குகளும் கைப்பேசிகளும் சேர்ந்து பத்தைத் தாண்டாது. எஞ்சினை இயக்குவதற்கான பேட்டரி தனியாக இருக்கட்டும். இரண்டும் இணைந்திருந்தால் மாலையிலேயே மாற்றுவிசையைத் திருப்பிப் பிரித்துவிடுங்கள்.

ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. மாலையில் ஒன்று, படுக்கும் முன் ஒன்று, காலையில் ஒன்று என மூன்று அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

ஆறாம் படி: வெளிச்சம் இருக்கும்போதே கட்டுவது

பிற்பகல் 2 மணிக்குள் துறையை அடைந்துவிடுங்கள். முன்கயிறு, பின்கயிறு ஆகியவற்றோடு, படகு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் குறுக்குக் கயிறுகள் இரண்டையும் கட்டுங்கள். பியூர், ஆண்ட், தர்ன் ஆறுகளின் மேற்பகுதிகளில் கடல் ஓதத்தால் நீர்மட்டம் ஒரு சாண் அளவுக்கே ஏறி இறங்கினாலும், யார்மத்தை நெருங்க நெருங்க அது ஆளுயரத்தை எட்டும். கயிறுகளை விறைப்பாகக் கட்டினால் நீர் இறங்கும்போது படகு கரையில் தொங்கும், ஏறும்போது ஒரு பக்கம் அமிழும். நீளமான கயிற்றில் சற்றுத் தளர்வு விட்டுக் கட்டுவதே முறை. நனைந்த கயிறு இரவில் உறைந்து கம்பி போலாகிவிடும். முடிச்சை அவிழ்க்க முடியாது. எனவே கயிற்றைக் கரை வளையத்தில் முடிச்சிடாமல், அதன் வழியே செலுத்தித் திருப்பிக் கொண்டுவந்து படகிலேயே கட்டுங்கள்.

பிறகு, இருட்டும் முன், தளத்தில் நடந்து பாருங்கள். மாலையில் வெறும் ஈரமாக இருந்த ஃபைபர் கிளாஸ் ஓரம் இரவு எட்டு மணிக்குக் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் தகடாகிவிடுகிறது. சனவரியில் ஆற்று நீர் ஐந்து டிகிரி அளவில் இருக்கும். அதில் விழுந்தவர் முதல் ஒரு நிமிடம் தம்மையறியாமல் மூச்சிரைப்பார். அந்த நேரத்தில் வாயில் நீர் புகுந்தாலே உயிர் போகும். அதைத் தாண்டினால் கைகால்கள் சொன்னபடி கேட்பது சுமார் பத்து நிமிடம். நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பின் உதவிக்குக் கூவுங்கள் என்பதே ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்பு அமைப்பு இடைவிடாமல் கற்பிக்கும் பாடம். படகைக் கட்டிய பிறகு லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி வைத்துவிடுவது நம்மில் பலருக்கு வழக்கம். ஆனால் குளிர்காலத்தில், இருட்டிய பின் கேபினை விட்டு வெளியே காலெடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் அது உடலில் இருக்க வேண்டும். நீரிலிருந்தபடியே கைக்கு எட்டும் ஏணி ஒன்று பின்புறம் தொங்கட்டும். இரவில் சிறுநீர் கழிக்கத் தளத்துக்கு வராதீர்கள். கேபினுக்குள் கையடக்கக் கழிப்பறையோ மூடியுள்ள வாளியோ வைத்துக்கொள்ளுங்கள். கூச்சத்தை விட்டுச் சொல்ல வேண்டிய செய்தி இது.

துறையின் பெயர், ஆற்றின் பெயர், அருகிலுள்ள ஊர், அதன் அஞ்சல் குறியீடு ஆகியவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். பதற்றத்தில் 999 அழைப்பவருக்கு எங்கே இருக்கிறோம் என்பதே முதலில் மறந்துபோகும். வீட்டில் ஒருவரிடம், காலை 9 மணிக்குள் அழைப்பதாகச் சொல்லி வையுங்கள்.

ஏழாம் படி: படுக்கை

படகில் குளிர் கீழிருந்து வருகிறது. மெத்தைக்குக் கீழே இருப்பது மெல்லிய பலகை, அதற்குக் கீழே காலியான பெட்டி, அதற்குக் கீழே ஆறு. ஆகவே போர்வையைக் கூட்டுவதற்கு முன், மெத்தையின் மேல் மூடிய துளைகள் கொண்ட நுரைப்பாய் ஒன்றும் அதன்மேல் கம்பளி ஒன்றும் விரியுங்கள். உறக்கப் பையில் இரண்டு எண்கள் இருக்கும். அவற்றில் 'கம்ஃபர்ட்' என்று குறித்திருக்கும் எண்ணே நமக்கானது. வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் -5 டிகிரி கம்ஃபர்ட் உள்ள பையை வாங்கினால் வருந்த மாட்டார்கள். பகலில் அணிந்த உடையில் வியர்வை இருக்கும். படுக்கும் முன் முழுவதும் மாற்றி, கம்பளியாலான உள்ளாடையும் உலர்ந்த காலுறையும் குல்லாவும் அணியுங்கள். பருத்தி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம். முகத்தைப் பைக்குள் புதைத்து மூச்சு விடாதீர்கள், பை நனைந்துவிடும்.

ஒன்பது மணிக்கு வெந்நீர்ப் பையை நிரப்பிப் படுக்கையில் வைத்து, பத்து மணிக்கு ஹீட்டரை அணையுங்கள். சிலிண்டர் வால்வு மூடியிருக்கிறதா, எச்சரிக்கைக் கருவியின் பச்சை விளக்கு எரிகிறதா, காற்றுத் துளைகள் திறந்திருக்கின்றனவா, வெளியேறும் கதவை உள்ளிருந்து ஒரு கையால் திறக்க முடிகிறதா என்று பார்த்து, டார்ச்சையும் கைப்பேசியையும் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுங்கள். நள்ளிரவில் படகு முனகும், கயிறு இழுபடும், நாணலுக்குள் ஏதோ ஓடும். நீர்க்கோழிகள் படகின் பக்கவாட்டைக் கொத்தும் ஒலி யாரோ கதவைத் தட்டுவது போலவே இருக்கும். குளிரால் விழித்துக்கொண்டால், எழுந்து எதையாவது பற்றவைக்க வேண்டாம். ஃபிளாஸ்கில் மிச்சமிருக்கும் ரசத்தைக் குடித்து, ஒரு பிடி நிலக்கடலை மிட்டாய் தின்று, பைக்குள்ளேயே கால்களை அசைத்துக்கொண்டிருந்தால் கால் மணி நேரத்தில் உடல் சூடேறிவிடும். இருவரில் ஒருவர் பேச்சுக் குழறினாலோ, நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டாலோ அது உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு இறங்கியதன் அறிகுறி, உடனே 999.

எட்டாம் படி: காலையும் கிளம்புதலும்

கண் விழித்ததும் முதலில் கூரை மூடியைத் திறந்து, பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். தளத்தில் பனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், அது மீண்டும் உறைந்துவிடும். ஆற்று நீரை ஒரு வாளி மொண்டு ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுங்கள். ஆற்றில் கண்ணாடித் தாள் போன்ற மெல்லிய பனி படிந்திருந்தால் உருகும் வரை காத்திருங்கள். ஃபைபர் கிளாஸ் படகின் நீர்க்கோட்டை அந்தப் பனி கத்தி போல் கீறும். காத்திருக்கும் நேரம் வீணல்ல. வாத்துக் கூட்டங்கள் கரும்புள்ளிகளாக எழுந்து உள்நாட்டு வயல்களுக்குச் செல்வதும், சேற்றுப் பருந்து நாணலின் மேல் தாழப் பறப்பதும் அந்த ஒரு மணி நேரத்தில்தான்.

எஞ்சினை இயக்கியதும், குளிர்விக்கும் நீர் பின்புறம் வெளியேறுகிறதா என்று பாருங்கள். உள்ளிழுக்கும் வழி உறைந்திருந்தால் சில நிமிடங்களில் எஞ்சின் பாழாகிவிடும். சொந்தத் துறைக்குத் திரும்பிய பிறகு, நீர் உள்ளே வரும் வால்வை மூடி, எஞ்சினிலும் குடிநீர்க் குழாய்களிலும் உள்ள நீரை வடித்துவிடுங்கள். நீர் உறையும்போது ஒன்பது விழுக்காடு விரிவடைவதால், வடிக்காமல் விட்ட ஒரு குவளை நீர் எஞ்சின் உடலையே பிளக்கும். மெத்தைகளை நிமிர்த்தி நிறுத்தி, பெட்டிகளின் மூடிகளைத் திறந்து வைத்து, சன்னல்களைத் துடைத்த துண்டை வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள். உறக்கப் பையை வீட்டில் ஒருநாள் முழுவதும் கொடியில் தொங்கவிட்டு உலர்த்துங்கள். தொட்டால் உலர்ந்ததாகத் தோன்றும் அதன் கால்பகுதியில்தான் ஈரம் இருக்கும்.